அத்தியாயம் 4: கோதுமை ஆகாத குடல்

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயதில் ஹீமோகுளோபின் 7.9. இரண்டு வருடமாக இரும்புச்சத்து டானிக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை. பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று. பேரீச்சை, முருங்கைக்கீரை, ஈரல் என்று ஊட்டாதது பாக்கியில்லை. வகுப்பிலேயே குள்ளம் என்பதால் எப்போதும் முதல் வரிசை. வாரம் தவறாமல் வாய்ப்புண் வரும். உடம்புச் சூடு என்று இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள். வயிற்றுப்போக்கு மட்டும் ஒரு நாளும் இருந்ததில்லை. அதனால் குடலில்தான் கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியாகப் பார்த்த மருத்துவர், "பாப்பா கோதுமை எவ்வளவு சாப்பிடுறா?" என்று கேட்டார். "நாங்க சோறு சாப்பிடுறவங்க டாக்டர், கோதுமையெல்லாம் பெருசா கிடையாது" என்றாள் அக்கா. அவர் சிரிக்காமல் ஒரு தாளை எடுத்து எழுதச் சொன்னார். காலையும் மாலையும் அப்பத்தா சத்துக்கென்று ஆற்றிக் கொடுக்கும் மால்ட் பானம். இடைவேளைக்கு பிஸ்கட். வாரம் இரண்டு நாள் ரவை உப்புமா, ஒரு நாள் சேமியா. ராத்திரி சப்பாத்தி. ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. எழுதி முடித்தபோது கோதுமை இல்லாத நாள் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை.

ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்து, சீலியாக் நோய் என்று உறுதி செய்தார்கள்.

இந்த நோய் நம் பக்கத்தில் குறைவு. குறைவு என்பதாலேயே யாரும் அதைத் தேடுவதில்லை. இன்னொரு பக்கம், வயிற்று உப்புசத்துக்கும் உடல் எடைக்கும் தைராய்டுக்கும் 'குளூட்டனை விட்டுவிடுங்கள்' என்று சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். நோய் இருப்பவர் அது தெரியாமலே கோதுமை சாப்பிடுகிறார். இல்லாதவர் காரணமில்லாமல் பயப்படுகிறார். இந்த இரண்டு பேருக்குமாகத்தான் இந்த அத்தியாயம்.

குடலுக்குள் நடப்பது

தேங்காய்ப்பூத் துவாலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் மேல் நூல் சுருள்கள் நெருக்கமாக நிற்கின்றன. தண்ணீரை உறிஞ்சுவது அந்தச் சுருள்கள்தான். நம் சிறுகுடலின் உட்சுவரும் அப்படித்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரல் போன்ற லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் அங்கே நிற்கின்றன. இரும்பு, கால்சியம், வைட்டமின்கள் எல்லாம் அவற்றின் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகின்றன. சீலியாக் நோயில் இந்த உறிஞ்சிகள் தேய்ந்து, சுவர் வழவழப்பாகிவிடுகிறது. பல வருடம் துவைத்துச் சாயம்போன துண்டில் தண்ணீர் ஏறாததுபோல, அந்தக் குடலில் இரும்பு ஏறாது. டானிக் எத்தனை பாட்டில் குடித்தாலும் பலன் இல்லாமல் போவதற்கு இதுதான் காரணம்.

தேய்ப்பது எது? குளூட்டன். அதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கைப்பிடி மைதாவைப் பிசைந்து உருண்டையாக்கி, குழாயடியில் பிடித்து மெதுவாகக் கசக்குங்கள். வெள்ளை மாவுப்பால் எல்லாம் ஓடிப்போன பிறகு, ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு சக்கை கையில் மிஞ்சும். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விசிற விசிற அது கிழியாமல் விரிவது இந்தச் சக்கையால்தான். கோதுமையில் மட்டுமல்ல, பார்லியிலும் ஐரோப்பியர் ரொட்டிக்குப் பயன்படுத்தும் ரை தானியத்திலும் இதே குடும்பத்துப் புரதங்கள் உண்டு.

இந்தப் புரதத்தை மனிதக் குடல் முழுமையாகச் செரிப்பதில்லை. சில துண்டுகள் உடையாமல் தங்கிவிடும். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. டி.க்யூ.2, டி.க்யூ.8 என்ற மரபணு வகைகளில் ஒன்று இருப்பவர்களில் சிலருக்கு மட்டும், உடலின் காவல்படை அந்தத் துண்டுகளைக் கிருமி என்று எண்ணிப் போர் தொடுக்கிறது. அடி விழுவது சொந்தக் குடல்மேல். அதோடு, திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற சொந்த நொதிக்கு எதிராகவே உடல் எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. 1997-ல் ஜெர்மனியில் கண்டறியப்பட்ட இந்த உண்மைதான் இன்றைய ரத்தப் பரிசோதனைக்கு அடிப்படை. உடல் தன்னையே தாக்கிக்கொள்வதால் இதைத் தன்னுடல் தாக்கு நோய் என்கிறோம். முடக்குவாதம், வெண்புள்ளி, முதல் வகை நீரிழிவு எல்லாம் இதே இனம். அவற்றில் தாக்குதலைத் தூண்டுவது எதுவென்று கையால் சுட்டிக்காட்ட முடியாது. சீலியாக்கில் முடியும். அதை நிறுத்தினால் தாக்குதலும் நிற்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதல்.

ரொட்டி இல்லாத குளிர்காலம்

இந்த நோயை 1888-லேயே லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ தெளிவாக விவரித்து, குணமாக வழி உண்டென்றால் அது உணவில்தான் என்றும் எழுதினார். எந்த உணவு என்று தெரியவில்லை. 1924-ல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ், நோயுற்ற குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்துத் தேற்றினார். பெருமையெல்லாம் வாழைப்பழத்துக்குப் போனது. தட்டிலிருந்து எது காணாமல் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

பார்த்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் காரல் டிக்கே. ஹேக் நகரத்து ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய அவருக்கு, 1930-களிலேயே ரொட்டிமேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் உணவு வரத்து அற்றுப்போனது. மக்கள் டூலிப் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். ஊரெல்லாம் பட்டினியில் மெலிந்தபோது, டிக்கேயின் சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். போர் முடிந்து ரொட்டி திரும்பியதும் அவர்கள் மறுபடி படுத்தார்கள். இந்தக் கவனிப்பை வைத்து சோதனைகள் செய்து, 1950-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார்.

நம் ஊரில் எவ்வளவு

உலகளவில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. இந்தியாவில் 23,331 பேரைச் சோதித்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. வடக்கே ஹரியாணா, வடகிழக்கில் அசாம், தெற்கே நம் வேலூர் என மூன்று பகுதிகளில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கில் நூற்றுக்கு 1.23 பேர், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. மரபணுவில் பெரிய வித்தியாசம் இல்லை. டி.க்யூ.2, டி.க்யூ.8 வகைகள் மூன்று இடங்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் அல்லது அதற்கு நெருக்கமாக இருந்தன. வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் சராசரியாக நாளுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கில் 25 கிராம்.

வேலூர்க் கணக்கைப் பார்த்து நிம்மதி கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் அந்த எதிர்ப்பொருள் என்றாலும், எட்டுக் கோடி மக்கள் உள்ள மாநிலத்தில் அது பல்லாயிரம் பேர். ராத்திரிச் சப்பாத்தியும் பரோட்டாவும் பிஸ்கட்டும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட பிறகு, 25 கிராம் அப்படியே நிற்கும் என்று நான் நம்பவில்லை.

தெற்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல் நோயிலும் இதே உறிஞ்சிகள் தேயும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் இதைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். கோதுமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆன்டிபயாடிக், ஃபோலிக் அமிலம், பி12 கொடுத்தால் குணமாகும். குடல் காசநோய், ஜியார்டியா கிருமி ஆகியவையும் ஆள்மாறாட்டம் செய்யும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஓல்மிசார்ட்டான் மாத்திரைகூடச் சிலருக்கு இதே பாதிப்பை உண்டாக்கும். அதனால் குடல் தேய்ந்திருக்கிறது என்ற ஓர் அறிக்கையை மட்டும் வைத்து முடிவுகட்டக்கூடாது. சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் மருத்துவரிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

மூன்று வேறு வேறு விஷயங்கள்

'எனக்கு கோதுமை ஒத்துக்காது' என்று மூன்று பேர் சொன்னால், மூன்று பேருக்கும் ஒரே நோய் என்று இல்லை.

ஒருவருக்கு கோதுமை அலர்ஜி. சாப்பிட்ட சில நிமிடங்களில் அல்லது ஓரிரு மணி நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிறைப்பு. சிலருக்கு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு ஓடினால் மட்டும் வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு வேறு சோதனை, வேறு மருத்துவம்.

இன்னொருவருக்கு சீலியாக். உடனே ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அரிக்கும்.

மூன்றாமவருக்கு இரண்டும் இல்லை. ஆனால் கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்பும், தலை கனக்கும். இதைக் குளூட்டன் உணர்திறன் என்கிறார்கள். பெயரே தவறாக இருக்கலாம். கோதுமையில் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும்கூட நிறைய உண்டு. எது எதில் இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த சோதனை ஒன்றில், குளூட்டனைவிட ஃபிரக்டானே அதிகத் தொல்லை கொடுத்தது. இவர்கள் கஷ்டப்படுவது உண்மைதான். ஆனால் குடல் தேயவில்லை. எப்போதாவது ஒரு பூரி சாப்பிட்டால் நிரந்தரக் கெடுதல் வராது. சீலியாக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. மூன்றையும் பிரித்தறிய வேண்டியது இதனால்தான்.

யார் சோதிக்க வேண்டும்

நாள்பட்ட வயிற்றுப்போக்கும் மெலிவும் இருந்தால் மருத்துவரே கேட்பார். தவறிப்போவது மற்றவர்கள். மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை. வயதுக்கு ஏற்ற உயரம் வராத பிள்ளை. பருவம் தள்ளிப்போகும் பெண். நாற்பதிலேயே எலும்பு தேய்ந்தவர். காரணம் தெரியாத கருச்சிதைவு, குழந்தையின்மை. தீராத மலச்சிக்கல். ரத்தப் பரிசோதனையில் காரணமில்லாமல் கூடிய கல்லீரல் நொதிகள். முழங்கை, முழங்கால், பிட்டத்தில் இரு பக்கமும் ஒரே மாதிரி கொப்புளம் போட்டு அரிக்கும் ஒரு தோல் நோய் உண்டு. டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்று பெயர். அது சீலியாக்கின் தோல் முகமே.

தன்னுடல் தாக்கு நோய்கள் ஒன்றுக்கொன்று துணை சேர்த்துக்கொள்ளும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு சீலியாக்கும் இருக்கிறது. இன்சுலின் அளவு சரியாக இருந்தும் பிள்ளைக்குச் சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துபோனால் சந்தேகப்பட வேண்டும். ஹஷிமோட்டோ தைராய்டு, ஆட்டோஇம்யூன் ஹெப்படைட்டிஸ் உள்ளவர்களும், டவுன் சிண்ட்ரோம், டர்னர் சிண்ட்ரோம் உள்ளவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது. தைராய்டு மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போகிறதே, பலன் இல்லையே என்றால், குடல் அதை உறிஞ்சவில்லையோ என்று கேளுங்கள்.

இதைத் திருப்பிப் போட்டுவிடக் கூடாது. சீலியாக் இல்லாத தைராய்டு நோயாளி கோதுமையை விட்டால் தைராய்டு குணமாகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சோதனைக்கு முன் சாப்பாட்டை மாற்றாதீர்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும், குடல் ஆறத் தொடங்கும், நோய் இருந்தும் அறிக்கை 'இல்லை' என்று வரும். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களை, மறுபடி ஆறு முதல் எட்டு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார்கள். உடம்பு தேறியவருக்கு அது பெரிய தண்டனை.

முதல் சோதனை ரத்தத்தில் டி.டி.ஜி ஐ.ஜி.ஏ, அதாவது முன்பு சொன்ன திசு டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிரான ஐ.ஜி.ஏ வகை எதிர்ப்பொருள். கூடவே மொத்த ஐ.ஜி.ஏ அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐ.ஜி.ஏ சுரப்பே இருக்காது. அவர்களுக்கு முதல் சோதனை பொய்யாக 'நெகட்டிவ்' காட்டும். டி.டி.ஜி கூடியிருந்தால் எண்டோஸ்கோப்பி செய்து முன்சிறுகுடலில் பல இடங்களிலிருந்து துணுக்கு எடுப்பார்கள். தேய்மானம் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் குறைந்தது நாலைந்து துணுக்காவது வேண்டும். அறிக்கையில் 'மார்ஷ் 3' என்று இருந்தால் உறிஞ்சிகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். குழந்தைகளில் டி.டி.ஜி உச்சவரம்பைப்போல் பத்து மடங்கோ மேலோ இருந்து, இன்னொரு ரத்த மாதிரியில் ஈ.எம்.ஏ என்ற எதிர்ப்பொருள் சோதனையும் உறுதி செய்தால், துணுக்கு எடுக்காமலே முடிவு செய்யலாம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல்.

மரபணுச் சோதனை 'இல்லை' என்று சொல்லத்தான் உதவும். டி.க்யூ.2, டி.க்யூ.8 இரண்டும் இல்லாதவருக்கு சீலியாக் வர வாய்ப்பு மிகமிகக் குறைவு. இருப்பதாலேயே நோய் என்று இல்லை. இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். நூறு உணவுகளின் பட்டியல் போட்டு எது ஒத்துக்கொள்ளும் என்று சொல்லும் ஐ.ஜி.ஜி சோதனைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். அவற்றுக்கு மருத்துவ மதிப்பில்லை.

அஞ்சறைப் பெட்டியில் ஒளிந்திருப்பது

மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருத்துவம். நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் புண்படும். ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் இருக்கிறது. அதாவது ஒரு ரொட்டித் துண்டை நாற்பதாகக் கிள்ளி, அதில் ஒரு கிள்ளைத் தினமும் வாயில் போட்டாலே போதும். 'கொஞ்சூண்டுதானே கண்ணு, ஒண்ணும் ஆகாது' என்று சொல்லும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நமக்குக் கொடுப்பினை இருக்கிறது. இட்லி, தோசை, சோறு, இடியாப்பம், ஆப்பம், அடை, வெண்பொங்கல், களி, கம்பங்கூழ் எல்லாம் இயல்பிலேயே குளூட்டன் அற்றவை. பஞ்சாபில் ஒரு சீலியாக் குழந்தையின் தாய் படும் பாட்டில் பாதிகூட நமக்கு இல்லை. ஆனால் இந்தக் கொடுப்பினையே அசட்டையையும் கொடுத்துவிடுகிறது.

அக்கா வீட்டில் பிள்ளைக்கு மட்டும் சப்பாத்தி, ரவை, மைதா, பிஸ்கட், மால்ட் பானம் எல்லாவற்றையும் அன்றே நிறுத்தினார்கள். ஆறு மாதம் கழித்து டி.டி.ஜி பார்த்தால், பாதிகூட இறங்கவில்லை. பிள்ளை ஒளித்துத் தின்கிறாளோ என்று அவளைக் கடிந்துகொண்டார்கள். நான் போய் இரண்டு நாள் அந்தச் சமையலறையில் உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பெருங்காய டப்பா. கூட்டுப் பெருங்காயம் என்பது பெருங்காயப் பிசினோடு கருவேலம் பிசினும் மாவும் சேர்த்தது. அந்த மாவு பெரும்பாலும் மைதா. டப்பாவின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், சுண்டல் என்று அந்த வீட்டில் பெருங்காயம் விழாத பண்டம் குறைவு. கட்டியாக இருப்பதாலேயே சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டியிலும் மாவு உண்டு. அரிசி மாவு கலந்தது என்று எழுதியதையோ, மாவே கலக்காத பால் பெருங்காயத்தையோ லேபிள் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, மாவு மில். இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் அக்கா தெருமுனை மில்லில்தான் அரிசி அரைத்தாள். நான் கூடப் போனேன். எங்களுக்கு முன்னால் இருந்தவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார். அவர் வாளியை எடுத்ததும் மில்காரர் வாய்த்துணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எங்கள் அரிசியைக் கொட்டினார். கல்லிடுக்கிலும் துணியிலும் நின்ற கோதுமை மாவெல்லாம் எங்கள் தூக்கில் விழுந்தது. முதலில் வந்த மாவு மங்கலான பழுப்பு, பிறகுதான் வெள்ளை. அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றாள்.

அன்றிலிருந்து அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறாள். சல்லடையும் புதிது. பழைய சல்லடையின் கண்ணில் அடைத்திருக்கும் கோதுமை மாவை எந்தக் கழுவலும் முழுதாக எடுக்காது. சப்பாத்திப் பலகை, மரக்கரண்டி, முறுக்கு அச்சு, இட்லித் துணி இவற்றுக்கும் இதே விதி. எவர்சில்வர் பாத்திரங்களைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தோசைக்கல் தனி. பூரி பொரித்த எண்ணெயில் அவளுக்கு வடை கிடையாது. நான்கு மாதத்தில் டி.டி.ஜி சரசரவென இறங்கியது. பெருங்காயமா, மில்லா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினோம். என் கணிப்பில் மில் மாவுக்கே பெரிய பங்கு.

வேறு சில மறைவிடங்களையும் சொல்லிவிடுகிறேன். சத்துமாவு, கடையில் வாங்குவதிலும் அங்கன்வாடியில் தருவதிலும் கோதுமை உண்டு. கால் வீக்கத்துக்குக் காய்ச்சும் பார்லித் தண்ணீர். சோயா சாஸ். பீர். மாவில் புரட்டிப் பொரித்த கோழி, காலிஃபிளவர். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று விற்கும் சம்பா கோதுமை ரவை. பழைய ரகமானாலும் குளூட்டன் குளூட்டன்தான், கொதித்தாலும் புளித்தாலும் அது போகாது. ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலோருக்குக் கெடுதலில்லை, ஆனால் கோதுமையோடு கலந்தே வருகிறது. குளூட்டன் அற்றது என்று எழுதாத ஓட்ஸைத் தொடாதீர்கள். பருப்பிலும் தினையிலும் சாமையிலும்கூட கோதுமை மணி கிடக்கும். முறத்தில் போட்டுப் பொறுக்கி, கழுவி உலையில் போடுங்கள்.

ஈழத்துச் சமையலில் வளர்ந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்த கோதுமை மா சேர்ப்பது வழக்கம். லண்டனிலோ டொரொண்டோவிலோ உறவினர் வீட்டில் இடியப்பம் பரிமாறினால், வெள்ளையாக இருக்கிறதே என்று எடுத்துவிடாமல் என்ன மா என்று கேளுங்கள்.

பாக்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த பிஸ்கட்டும் ரொட்டியும் விலை அதிகம், பெரும்பாலும் மாச்சத்தும் சர்க்கரையும்தான். பிறந்தநாளுக்கு வாங்குங்கள். தினத்துக்கு வேண்டாம். வெள்ளைச் சோற்றை மட்டும் நம்பினால் நார்ச்சத்தும் இரும்பும் போதாது. கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை தட்டில் இருக்கட்டும்.

வாசலைத் தாண்டினால்

பந்தியிலோ ஹோட்டலிலோ 'சீலியாக்', 'குளூட்டன்' என்று விளக்காதீர்கள். 'கோதுமை ஆகாது' என்று மட்டும் சொன்னாலும் போதாது. ரவையும் மைதாவும் சேமியாவும் கோதுமைதான் என்று தெரியாதவர்கள் ஏராளம். 'கோதுமை இல்லைங்க, ரவை கேசரிதான்' என்று பாசத்தோடு இலையில் வைத்துவிடுவார்கள். நாலு பெயரையும் சொல்லுங்கள்: கோதுமை, மைதா, ரவை, சேமியா. ஹோட்டலில் ஆவியில் வெந்த இட்லியும் தேங்காய்ச் சட்னியும் ஓரளவு நம்பகமானவை. பரோட்டா போடும் கல்லில் ஊற்றிய தோசை வேண்டாம்.

அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளை என்றால் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். அந்தத் திட்டத்தில் ரவை உப்புமாவும் சேமியாவும் கோதுமை ரவைக் கிச்சடியும் முறை வைத்து வரும். மருத்துவரின் கடிதம் கையில் இருந்தால் பேச்சு சுலபம். மதியச் சோறும் முட்டையும் பிரச்சினை இல்லை; சாம்பார் பெருங்காயத்தை மட்டும் கேளுங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு: நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது. குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கும், திராட்சை ரசத்தை மட்டும் பெறுவதற்கும் திருச்சபையில் இடமுண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆறு மாதத்தில் ஒரு டி.டி.ஜி, ஒரு வருடத்தில் இன்னொன்று, பிறகு வருடம் ஒருமுறை. கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், வைட்டமின் டி, பி12, தைராய்டு. பெரியவர்களுக்கு எலும்பு அடர்த்திச் சோதனை. குழந்தைகளுக்குக் குடல் சீக்கிரம் ஆறும். பெரியவர்களுக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். ஆரம்பத்தில் பால் ஒத்துக்கொள்ளாமல் போனால் பயப்படாதீர்கள், உறிஞ்சிகள் முளைத்ததும் பெரும்பாலும் சரியாகும். எண்கள் இறங்காவிட்டால் முதலில் சமையலறையைச் சோதியுங்கள்.

என் அக்கா மகள் இப்போது எட்டாம் வகுப்பு. ஹீமோகுளோபின் 12.4. மூன்றாவது வரிசையில் உட்காருகிறாள்.

கடைசியாக ஒன்று. ஒருவருக்கு சீலியாக் என்று உறுதியானால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் பதினைந்தில் ஒருவருக்கு முதல் பத்தில் ஒருவருக்கு வரை அதே நோய் இருக்க வாய்ப்புண்டு, அறிகுறி ஒன்றுமே இல்லாவிட்டாலும். அக்கா தனக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டாள். முதுகு வலியை வயது என்றாள், களைப்பை வீட்டு வேலை என்றாள். சோதித்தபோது அவளுக்கும் இருந்தது. எலும்பு அதற்குள் பாதி அரித்திருந்தது. உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு உறுதியானால், அதே வாரத்தில், சப்பாத்தியை நிறுத்துவதற்கு முன்பாக, அப்பா அம்மா அண்ணன் தங்கை எல்லாரும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.